வெள்ளைக் கோப்பை

மார்ச் நான்காம் தேதி காலை எங்கள் சாப்பாட்டு மேசையில் இரண்டு கோப்பைகள் இருந்தன. ஒன்று நீலம், ஒன்று வெள்ளை. கிரீன் டீ இலையைக் கொதிக்கிற தண்ணீரில் போடக்கூடாது, சார். கசந்துவிடும். பலர் அந்தத் தப்பைச் செய்கிறார்கள்.

என் வேலை கல்லீரல் ஆராய்ச்சி. கிரீன் டீயில் கேட்டச்சின் என்று ஒரு வேதிப்பொருள் இருக்கிறது. ரத்தத்தில் திரியும் கொழுப்பை இழுத்துக்கொள்ளும்படி அது கல்லீரலை ஏவுகிறது. கல்லீரல் அதைப் பித்தநீராக மாற்றி வெளியேற்றுகிறது. எலிகளில் இதைப் பார்த்துவிட்டேன். எங்கள் துறைத் தலைவர்தான் உதட்டைப் பிதுக்கினார். "எலிக்கு நடந்தா மனுஷனுக்கும் நடக்கும்னு என்னம்மா உத்தரவாதம்?"

நியாயமான கேள்வி.

என் கணவரும் கொழுந்தனும் இரட்டையர். அச்சு அசல் ஒரே முகம். ஒரே வீடு, ஒரே சாப்பாடு, அப்பாவிடமிருந்து வந்த ஒரே கொழுப்பு வியாதி, அதற்கு ஒரே மாத்திரை. எலிகளில்கூட இப்படி ஒரு ஜோடி அமையாது.

மாத்திரை சாப்பிட்டால் டீயின் வேலை தெரியாது. அதனால் இருவருடைய டப்பாவிலும் அதே நிறத்தில் மாவு மாத்திரைகளை வைத்தேன். காலையில் முட்டை மஞ்சள்கருவும் வெண்ணெயும், இருவருக்கும் சமமாக. ஓரவஞ்சனை என்று யாரும் சொல்ல முடியாது. நீலக் கோப்பையில் டீ, வெள்ளையில் நிறமேற்றிய தண்ணீர். யாருக்கு எது என்பதற்குக் காசு சுண்டினேன். கொழுந்தனுக்கு நீலம் விழுந்தது.

"அண்ணி, இது டீயா, குளத்துத் தண்ணியா?" என்று அவர் தினமும் முகத்தைச் சுளிப்பார்.

"எனக்கு நல்லாத்தானே இருக்கு. நீ சொகுசுக்காரன்டா," என்பார் என் கணவர்.

ஆகஸ்டில் ரத்தப் பரிசோதனை. கொழுந்தனுக்குக் கொழுப்பு இறங்கியிருந்தது, கணவருக்குக் கிடுகிடுவென ஏறியிருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் அதை வேறு விதமாக எடுத்துக்கொண்டு என் தோளைத் தட்டினார். "விடும்மா, சரியாயிடும்."

மாடிப்படி ஏறும்போது நெஞ்சைப் பிடித்துக்கொள்ள ஆரம்பித்தார். ஒரு காலை, தம்பியின் கோப்பையை எட்டி எடுத்தார். "இதுல என்னமோ இருக்கு. இன்னிக்கு மாத்திக்கலாம்டா."

"தாராளமா எடுத்துக்க. விட்டது சனியன்," என்றார் கொழுந்தன்.

கோப்பை உதடு வரை போய்விட்டது. நான் வாங்கித் தொட்டியில் கொட்டினேன். "ஆறிப்போச்சு," என்றேன். இத்தனை மாத உழைப்பு ஒரே மடக்கில் பாழாகியிருக்கும்.

மறு வாரம் என் கணவர் மேசையிலேயே சாய்ந்தார். கொழுந்தன் பதறிக்கொண்டு ஆம்புலன்ஸை அழைத்த நேரத்தில் நான் ரத்தம் எடுத்தேன். உயிர் போனபின் எடுத்தால் அளவு சரியாக வராது.

நீங்கள் கொலை என்று எழுதுகிறீர்கள். கொஞ்சம் யோசியுங்கள். டீ கொடுத்தது கொழுந்தனுக்கு. அவர் வெளியே பெஞ்சில் நலமாக உட்கார்ந்திருக்கிறார். என் கணவருக்கு நான் எதுவுமே கொடுக்கவில்லை.