நடையைப் பாத்துச் சொல்றவர்

உக்காருங்க தம்பி, கார் எங்கயும் ஓடிப் போயிடாது. என் வீட்டுக்காரர் உள்ளே ரெடியாத்தான் இருக்கார். கோட்டு போட்டு, தொப்பி வெச்சு, பைனாகுலரைக் கழுத்துல மாட்டிக்கிட்டு காலைலேர்ந்து கட்டில் ஓரத்துல உக்காந்திருக்கார். நீங்க கூட்டிட்டுப் போய் மேடையில நிறுத்தணும், அவர் குதிரைங்களைப் பாத்துட்டு இன்னிக்குப் பெரிய ரேஸ்ல எது ஜெயிக்கும்னு மைக்குல சொல்லணும், அவ்வளவுதானே? உங்க பத்திரிகை ஆசிரியர் போன்ல எல்லாம் சொல்லிட்டார். அனுப்பறதா வேணாமான்னு நான்தான் இன்னும் முடிவு பண்ணல. அதுக்குத்தான் உங்களை உக்காரச் சொல்றேன்.

அந்த நாற்காலி வேணாம், கால் ஆடும். இதுல உக்காருங்க.

என்ன கேட்டீங்க? ச்சீ, நீங்களுமா? வாசப்படி ஏறி முழுசா மூச்சு விடல, அதுக்குள்ள எது ஜெயிக்கும்னு என்கிட்ட கேக்கறீங்க. கல்யாணமான நாள்லேர்ந்து இதே கேள்விதான் தம்பி. பால் ஊத்த வர்றவர் கேப்பார். பல் டாக்டர் என் வாய்க்குள்ள ரெண்டு கையையும் விட்டுக்கிட்டு கேட்டார், நான் எப்படிப் பதில் சொல்றது? எங்கப்பா போனப்ப துக்கம் விசாரிக்க ஒரு ஆளு வந்தான். என் கையைப் புடிச்சுக்கிட்டு, மனசைத் தேத்திக்கோம்மா, எல்லாருக்கும் ஒரு நாள் உள்ளதுதான்னு சொல்லிட்டு, அதே மூச்சுல, ஆமா சனிக்கிழமை ரேஸைப் பத்தி உங்க வீட்டுக்காரர் என்ன நினைக்கிறார்னான். கையை உருவிக்கிட்டு உள்ளே போனவதான், அவன் போற வரைக்கும் வெளிய வரல.

இல்லல்ல, நீங்க சங்கடப்படாதீங்க. உங்களை மட்டும் சொல்லி என்ன பண்றது. ஊரே அப்படித்தான்.

குதிரை மேல எனக்கு ஒரு கோவமும் கிடையாது. அது வாயில்லாத ஜீவன், போடற தீனியைத் தின்னுட்டு ஓடுன்னா ஓடுது. அதைச் சுத்தி நிக்குதே ஒரு கூட்டம், அதுங்களைப் பாத்தாத்தான் எனக்கு ஆகறதில்லை. சென்ட்டு போட்டுக்கிட்டு ஒருத்தன் வருவான். குதிரைக்குச் சொந்தக்காரன்னு சொல்லிக்குவான், எது முன்னங்கால் எது பின்னங்கால்னு தெரியாது. குதிரை ஓட்டற ஜாக்கிங்க வருவாங்க, எடை குறைக்கணும்னு பட்டினி கிடந்து கன்னம் ஒட்டிப்போய். பயிற்சி குடுக்கறவங்க இருக்காங்களே, அவங்க இன்னும் மோசம். காலைல பழக்கறப்ப வேணும்னே கனமான சேணத்தை ஏத்தி ஓட்டுவாங்க. பாக்கறவன் இது மெதுவா ஓடுதேன்னு ஏமாந்து போகணுமாம். ரேஸ் அன்னிக்கு லேசான சேணம். குதிரையை வெச்சுக் கூடப் பொய் சொல்ல முடியும்னு நான் இந்த வீட்டுக்கு வந்துதான் கத்துக்கிட்டேன்.

அவர் எப்படிப் பாப்பார்னு தெரியுமா உங்களுக்கு? பத்திரிகையில வேலை செய்யறீங்க, தெரியாதா? நல்லாயிருக்கு போங்க. ரேஸுக்கு முன்னாடி குதிரைங்களை வட்டமா நடத்திட்டு வருவாங்க பாருங்க, அந்த வேலி ஓரமாப் போய் நின்னுக்குவார். யார்கிட்டயும் பேச மாட்டார். முன்னங்கால் வெச்ச தடத்தைத் தாண்டிப் பின்னங்கால் விழுதான்னு பாப்பார். காது எந்தப் பக்கம் திரும்புது, தொடையிடுக்குல வேர்வை நுரை கட்டியிருக்கா, நடத்திட்டு வர்ற ஆளை அது இழுக்குதா, அந்த ஆள் அதை இழுக்கறானா, எல்லாம் பாப்பார். பெரிய ரேஸ்னா இன்னொண்ணு உண்டு. தூரம் ஜாஸ்தி. அவ்வளவு தூரம் இந்த இளங்குதிரைங்க அதுக்கு முன்னாடி ஓடியே இருக்காது. அப்ப எப்படித்தான் சொல்றது? தாய் யாரு, தாயோட தாய் யாருன்னு பாக்கணும்பார். அதுங்க தூரம் ஓடியிருந்தா இதுவும் கடைசி வரைக்கும் மூச்சைப் புடிச்சுக்கும்னு அவருக்கு ஒரு கணக்கு. எத்தனையோ குதிரைக்குப் பாட்டி பேர் சொல்லுவார். எங்க பாட்டி பேர் கேட்டா முழிப்பார்.

சிரிக்காதீங்க, இன்னும் கேளுங்க. எங்களுக்கு ஒரே பொண்ணு. பொறந்த அன்னிக்கு நர்ஸம்மா துணியில சுத்திக் கொண்டாந்து கையில குடுக்கறாங்க. மனுஷனா இருந்தா மூஞ்சியைப் பாப்பான். இவர் துணியை விலக்கிக் கணுக்காலை அமுக்கிப் பாத்துட்டு, எலும்பு சுத்தமா இருக்கு, ஆனா அவசரப்பட்டு ஓட விட்டுராதீங்கன்னார். அந்த நர்ஸம்மா என்னை ஒரு பார்வை பாத்தாங்க பாருங்க! எனக்குக் கட்டில்லேர்ந்து எழுந்து எங்கயாவது போயிடலாம்னு இருந்துச்சு.

ஆனா ஒண்ணு தம்பி, யோக்கியன். அதை நான் சொல்லியாகணும். யார் வீட்டுலயும் டீ கூடக் குடிக்க மாட்டார். ஒரு தடவை பெரிய பழக்கூடை வந்துச்சு, யாரோ குதிரைச் சொந்தக்காரன் அனுப்பினது. என்னைக் கேக்காம தெருவுல வெச்சுட்டு வந்துட்டார். மாடு தின்னுச்சு. அவர் ஒரு பைசா பந்தயம் கட்டினதில்லை. உங்க பேப்பர்லயும் ஜெயிக்கும்னு எழுத மாட்டார், வாய்ப்பு இருக்குன்னுதான் எழுதுவார். கேட்டா, அது உசுருள்ள ஜந்து, அன்னிக்குக் காலையில அதுக்கு வயித்து வலியா இருந்தா நான் என்ன பண்றதும்பார். ஊரே ஒரு குதிரையைச் சொன்னா அதை இவர் லேசுல சொல்ல மாட்டார். எல்லாரும் சொல்றதைச் சொல்றதுக்கு நான் எதுக்குன்னு கேப்பார். அதனாலதான் ஜனங்க அவர் பேச்சை நம்பினாங்க.

போன் அடிக்குது பாருங்க. எடுக்கலையா? ஆசிரியரா? அடிக்கட்டும், கொஞ்ச நேரம் அடிச்சா ஒண்ணும் தேஞ்சு போயிடாது.

என்ன சொல்லிட்டு இருந்தேன்? ஆங், நம்பினாங்க. போன மாசம் பக்கத்து வீட்டம்மா உங்க பேப்பரைத் தூக்கிட்டு வர்றாங்க. உங்க வீட்டுக்காரர் சொன்ன குதிரை ஜெயிச்சிருச்சு, வாயில சர்க்கரை போடணும்னாங்க. வாங்கிப் பாக்கறேன். அவர் போட்டோ இருக்கு, அந்தப் பழைய தொப்பியோட. கீழே கட்டம் கட்டி, உறுதியான வெற்றின்னு போட்டிருக்கு. ஊரே சொன்ன குதிரை அது. அதுவும் உறுதியாம்! அவர் பேனாவைத் தொட்டே எவ்வளவோ நாளாச்சு தம்பி. எழுதச் சொன்னா இன்னிக்கு அவருக்கு அவர் பேரையே எழுத வராது.

ஓ, உங்களுக்கு இது தெரியாதா? மூஞ்சியைப் பாத்தா தெரியாதுன்னுதான் தோணுது. தண்ணி வேணுமா?

மொதல்ல எனக்கே புரியல. சாப்பிடறப்ப ஒரு குதிரை பேரைச் சொல்லி, இந்தத் தடவை அதுதான்னார். அது செத்துப் பல வருஷமாச்சு. சரி, வயசாகுது, வாய் தவறிப்போச்சுன்னு விட்டுட்டேன். அப்புறம் ரேஸ் மைதானத்துலேர்ந்து வீட்டுக்கு வழி தெரியாம நின்னிருக்கார், லாயத்துல வேலை பாக்கற ஒரு மகராசன் கூட்டிட்டு வந்து விட்டான். அப்புறம் ஒரு நாள் பஸ் ஸ்டாப்புல ரெண்டு பேரும் நிக்கறோம். வரிசையில நிக்கறவங்களை ஒவ்வொருத்தரா பாத்துக்கிட்டே வந்து, சத்தமா, மூணாவது நிக்குதே, அது இப்பவே வேர்த்திருக்கு, இன்னிக்கு ஓடாதுன்னார். மூணாவது நின்னவங்க ஒரு டீச்சர். திரும்பி என்னைத் திட்டினாங்க திட்டு. அன்னிக்கே அவரை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். டாக்டர் சொன்னார், இது இன்னும் மோசமாகும், போன ஞாபகம் திரும்பி வராதுன்னு.

பொண்ணு வந்து முன்னாடி நின்னா, நல்ல ஜாதிக் குதிரை, எங்கேர்ந்து வாங்கினாங்கன்னு கேக்கறார். அவ மாடிக்குப் போய் அழுதுட்டு வந்தா.

ஆசிரியருக்குத் தெரியுமாவா? நல்லாக் கேட்டீங்க. இதோ இந்த சோபாவுல உக்காந்திருந்தாரே போன வாரம்! கோட்டும் சூட்டுமா வந்து, பெரிய ரேஸுக்கு சார் மேடையில வந்து நின்னே ஆகணும், ஜனங்க எதிர்பாக்கறாங்கன்னார். அப்பதான் இவர் உள்ளேர்ந்து வந்தார். ஆசிரியரை ஒரு சுத்து சுத்தி வந்து பாத்தார். தோளைத் தட்டினார். என்ன ஏதுன்னு ஆசிரியர் சுதாரிக்கறதுக்குள்ள அந்த ஆளோட உதட்டைக் கட்டை விரலால தூக்கிப் பல்லைப் பாத்துட்டு, வயசைக் குறைச்சுச் சொல்லி வித்திருக்காங்க, வேணாம்னு என்கிட்ட சொல்லிட்டு உள்ளே போயிட்டார். எனக்கு அழுகையும் வந்துச்சு, சிரிப்பும் வந்துச்சு.

அந்த ஆளு கைக்குட்டையால வாயைத் தொடைச்சுக்கிட்டார். அதோட வெக்கப்பட்டு எழுந்து போவார்னு நெனச்சேன். எங்க! பரவாயில்லைம்மா, அவர் ஒண்ணும் பேச வேணாம், ஏழுன்னு ஒரு வார்த்தை சொன்னா போதும், பக்கத்துல நின்னு காதுல சொல்லிக் குடுத்திடறோம்னார். ஏழாம் நம்பர் யாரோட குதிரைன்னு விசாரிச்சேன். உங்க பத்திரிகை முதலாளியோட மச்சானுதாம். தூ! ஒரு மனுஷன் புத்தி கலங்கிக் கிடக்கான். அவன் வாயைத் தொறந்து அதுல உங்க நம்பரைப் போட்டு மூடணுமா? பழக்கூடையைத் தெருவுல வெச்ச ஆளு தம்பி அவர். அவருக்குத் தெரிஞ்சா சும்மா விடுவாரா? தெரியாதுங்கற தைரியம்தானே உங்க எல்லாருக்கும்?

உங்களைச் சொல்லல. நீங்க காரோட வந்தவர், உங்களுக்கு என்ன தெரியும். கண்ணைத் தொடைச்சுக்கோங்க.

மாசா மாசம் உங்க பத்திரிகையிலேர்ந்து பணம் அனுப்பறாங்க, நான் வாங்கிக்கறேன். பொய் சொல்லுவானேன், மருந்துக்கு வேணும். அதுக்காக?

அந்தக் கதவைத் தொறக்காதீங்க. உள்ளே நாக்கைச் சொடுக்கறாரே, அது ஒண்ணுமில்லை, குதிரையைக் கூப்பிடறார். கொஞ்ச நேரத்துல நின்னுடும்.

மறுபடியும் போனா? இப்ப எடுங்க. எடுத்து, சார் வரலைன்னு சொல்லுங்க. உடம்பு சரியில்லைன்னெல்லாம் மழுப்ப வேணாம், வீட்டம்மா அனுப்ப மாட்டேங்கறாங்கன்னே சொல்லுங்க. அவர் போட்டோவையும் அடுத்த பேப்பர்லேர்ந்து எடுத்துடச் சொல்லுங்க. பணத்தை நிறுத்திட்டா நிறுத்திக்கட்டும், பொண்ணு இருக்கா, பாத்துக்குவோம்.

சொல்லிட்டீங்களா? கத்தினாரா? கத்தட்டும்.

அப்புறம் எதுக்கு காலையில கோட்டு மாட்டி விட்டீங்கன்னு கேக்கறீங்க. நியாயமான கேள்விதான். ரேடியோவுல ரேஸ் சேதி ஓடிச்சு, தானா எழுந்து கோட்டு எங்கன்னு தேடினார். ரொம்ப நாளைக்கப்புறம் மூஞ்சியில ஒரு தெளிவு. எனக்கும் ஆசை விடல. போகட்டும், கடைசியா ஒரு தடவை குதிரைங்களைக் கண்ணால பாத்துட்டு வரட்டும், என்னமோ சொல்லிட்டுப் போறார்னு நெனச்சேன். மாட்டி விட்டுட்டு, டீயை எடுத்துக்கிட்டு உள்ளே போனேன்.

வாசல்லேர்ந்து கட்டில் வரைக்கும் நான் நடக்கறதையே பாத்தார். அந்த வேலி ஓரம் நின்னு பாப்பாரே, அப்படியே. டீயை வாங்கல. கிட்ட வான்னு நாக்கைச் சொடுக்கினார். என் கழுத்தைத் தட்டிக் குடுத்து, பயப்படாத, பயப்படாதன்னார். குனிஞ்சு என் இடது காலைத் தொடையிலேர்ந்து கீழ வரைக்கும் மெதுவா தடவிட்டு வந்து, முட்டியில கையை வெச்சுக்கிட்டே இருந்தார். எனக்கு அந்த வலி பொண்ணு பள்ளிக்கூடம் போற காலத்துலேர்ந்து இருக்கு தம்பி. இந்த மாடிப்படியை எத்தனை தடவை ஏறி இறங்கியிருப்பேன், ஒரு நாள் ஏன் நொண்டறேன்னு கேட்டதில்லை அவர். இன்னிக்கு நான் யாருன்னே தெரியாம, சூடா இருக்கு, பாவம் இது ரொம்ப நாளா வலியோடயே ஓடியிருக்கு, இன்னிக்கு இதை ஓட விடாதீங்க, லாயத்துலயே இருக்கட்டும்னார். சொல்லிட்டு நிமிந்து, நல்ல குதிரையாச்சே, இதைக் கவனிக்காம இத்தனை வருஷம் ஓட்டின முட்டாப்பய யாருன்னு என்னையே கேட்டார்.

அதான், இன்னிக்கு இவரும் லாயத்துலயே இருக்கட்டும் தம்பி.