மகள் காயவைத்த பாஸ்தா

ஆஸ்டின் டவுன் போகும் பஸ்ஸில், என் முன் சீட்டில் இருந்த பெண் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்:

"வீட்டுல ஒரு டப்பா பாஸ்தா இருக்குக்கா. எங்க வீட்டுக்காரரு சமைக்க உட மாட்றாரு."

"ஏன்?"

"ரிப்பன் மாதிரி வருமே, அது. எங்க பொண்ணு வீட்டுலயே மாவு பெசைஞ்சு, வெட்டிக் காயவெச்சது. மறுநாளே புடிச்சவனைக் கட்டிக்கினு போயிட்டா. அதுக்கப்புறம் இவரு அவகிட்ட பேசவே இல்ல."

"நீ பேசச் சொல்லலாமில்ல?"

"சொன்னா எந்திரிச்சுப் போயிடறாரு. நேத்து டப்பாவுல வண்டு வந்திருந்துச்சு. கொட்டப் போனேன். புடுங்கிக்கினு மொட்டை மாடிக்குப் போயி, பேப்பர்ல பரப்பி, வெயில்ல உக்காந்து வண்டு பொறுக்கினாரு."

மற்றவர் தயங்கிக் கேட்டார்.

"அழுதாரா?"

"முதுகுதான் தெரிஞ்சுதுக்கா. நான் கிட்டப் போகல."