குழிக்கு மேல நிக்கிறவன்

'உள்ள ஒருத்தன் இருக்கறப்போ மேல நிக்கிறவன்…' எங்க பெரியப்பா இப்படித்தான் ஆரம்பிப்பாரு. லிஃப்ட் மெக்கானிக்கா இருந்தவரு. அதுக்கப்புறம் ரெண்டு மூணு வார்த்தை வரும் தம்பி, அதுதான் ஞாபகத்துக்கு வரமாட்டேங்குது. மேல நிக்கிறவன் தூங்கக் கூடாதுன்னு வருமோ? எடத்த விட்டு நகரக் கூடாதுன்னு வருமோ? இப்ப பாருங்க, உள்ள என் பொண்ணு மாட்டிக்கிட்டு இருக்கா. மேல நிக்க வேண்டிய நான் இங்க உங்க பக்கத்துல நின்னு பொலம்பிட்டு இருக்கேன். எல்லாம் உங்க இன்டர்நெட் கம்பெனி பண்ணுன வேலை.

உங்களச் சொல்லல. நீங்க பாவம், ரெண்டாம் மாடி பல் டாக்டர் வீட்டு லைனப் பாக்க வந்தவரு. படிக்கட்டுல மறிச்சு இழுத்துட்டு வந்தது நான்தான். பையக்கூட நான்தான தூக்கிட்டு வந்தேன். வேற என்ன செய்யச் சொல்றீங்க? கம்பெனிக்கு ஃபோன் போட்டா ஒரு அம்மா 'உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்'னு சொல்லுது. முக்கியம்னா எடுக்க வேண்டியதுதான. எடுக்காம பாட்டுப் போடுது. அதுவும் பாதிப் பாட்டு.

ஐயையோ, பொண்ணு மாட்டிக்கிட்டான்னதும் பதறிட்டீங்களா? நெசக் குழி இல்லங்க. திரையில. அதோ, அசையாம நிக்குதே, அந்த விளையாட்டு. பாறையத் தோண்டி இரும்பு, செம்பு, நீலக்கல்லுன்னு எடுக்கணும். ஊரு ஒலகத்துல இருக்கறவங்க எல்லாம் ஒரே மலையில தோண்டுவாங்க… என்ன, நீங்களும் ஆடறீங்களா? போன வாரந்தான் ஆரம்பிச்சீங்களா? அட, இத மொதல்லயே சொல்ல வேண்டாமா. எப்படித் தோண்டுனீங்க? நேரா கீழயா? நெருப்புக் கொழம்புல விழுந்திருப்பீங்களே. விழுந்தீங்களா? அதான.

வேலையப் பாத்துக்கிட்டே கேளுங்க. நேரா கீழ தோண்டவே கூடாது. படிக்கட்டு மாதிரி சாய்வா எறங்கணும். நேரா மேலயும் தோண்டக் கூடாது, மணல் சரிஞ்சு மூக்குல அடைக்கும். உள்ள போறப்போ விளக்க இடது பக்கச் சுவத்துல மட்டும் மாட்டணும். திரும்பி வர்றப்போ எல்லாம் வலது பக்கம் இருந்தா வழி சரி. பைய ரொப்பக்கூடாது, ஒரு எடம் காலியா இருக்கட்டும். நல்ல கல்லு எப்பவும் பை ரொம்புன பிறகுதான் கண்ணுல படும். ரெண்டு கோடாலி வெச்சுக்கங்க. அப்புறம், எங்க தோண்டறீங்கன்னு எவன்கிட்டயும் சொல்லாதீங்க. கூடப் பொறந்தவனா இருந்தாலும் சரி.

இதுல முக்கியமானது ஒண்ணு இருக்கு. தோண்டறதுக்கு முன்னாடி தட்டிப் பாக்கணும். ஒவ்வொரு சுவத்தையும். பின்னாடி என்ன இருக்குன்னு தெரியாம ஒரு அடி கூட உள்ள போகக் கூடாது. தண்ணி இருக்கலாம், நெருப்பு இருக்கலாம், அடுத்தவன் சுரங்கம் இருக்கலாம். இந்த அவசரக்குடுக்கைங்க இருக்காங்களே, கோடாலி கையில கெடச்ச ஒடனே டமால்னு போட்டுருவாங்க. அப்புறம் கம்பெனியத் திட்டுவாங்க.

அது என்ன தம்பி, பேனா மாதிரி? சுவத்துல வெச்சா கீச்சுங்குதா? ஓ, உள்ள வயர் போற வழியெல்லாம் கீச்சுங்கும், அறுந்த எடத்துல சத்தம் நின்னுரும். சரி சரி. அப்ப நான் பேசாம இருக்கணுமா? இருக்கேன். எனக்கென்ன.

இல்ல, ஒண்ணே ஒண்ணு மட்டும். எங்க பெரியப்பாவும் இப்படித்தான். ஒரு ஆளு லிஃப்ட் குழிக்குள்ள எறங்குவான், இவரு மேல சுவிட்சுகிட்ட நிப்பாரு. வீட்டுல சாப்புடறப்போகூட எங்கள அதட்டுவாரு, 'உள்ள ஒருத்தன் இருக்கறப்போ மேல நிக்கிறவன்…' சாப்பாட்டுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்னு எனக்கு இன்னிக்கி வரைக்கும் புரியல. நாங்க அப்பப் பேசிக்கிட்டே சாப்புடுவோம், அவ்வளவுதான்.

மன்னிச்சிருங்க. பேசல.

எலி கடிச்சிருக்கும்கறீங்களா? மூணாம் மாடிக்கு ஏறி வந்து, என் வயருதான் ருசியா இருக்குன்னு கடிச்சிட்டுப் போச்சாக்கும். எலி எல்லாம் இல்லங்க. மேல் வீட்டுக்காரரு. நாலாம் மாடி. மனுசன் எப்பப் பாத்தாலும் சுவத்துல ஓட்ட போட்டுக்கிட்டே இருக்காரு. மாட்டறதுக்கு அப்படி என்னதான் வெச்சிருக்காரோ. அவருதான் எங்கயோ போட்டுருக்காரு. கண்டுபிடிச்சிட்டீங்கன்னா எழுதிக் குடுங்க, நேரா மேல போயிக் கேக்கறேன்.

இந்த வெளையாட்டுல எங்களுக்கு ஒரு கூட்டம் இருக்கு. எல்லாம் வீடு, வேலை, சக்கரை மாத்திரைன்னு இருக்கிற ஆளுங்க. கீழ் வீட்டுப் பல் டாக்டரும் அதுல ஒருத்தரு. பல்லக்கூட அவரு அவ்வளவு பக்குவமாப் புடுங்க மாட்டாரு, பாறையிலேருந்து இரும்ப எடுக்கறதப் பாக்கணுமே. ஒரு துணுக்கு செதறாது. ஆனா போன மாசம் கூட்டத்துப் பெட்டியிலேருந்து ரெண்டு நீலக்கல்லக் காணோம்னதும் எனக்கும் அவருக்கும் பேச்சு நின்னுபோச்சு. படிக்கட்டுல பாத்தா மொகத்தத் திருப்பிக்கறாரு. கல்லு எங்க இருக்குங்கறீங்க? எங்கயுமே இல்ல. அப்படி ஒரு கல்லே ஒலகத்துல கெடையாது. ஆனா எனக்குக் கடவாய்ப் பல்லு வலி, இப்ப பஸ் ஏறி வேற டாக்டர்கிட்டப் போறேன்.

கூட்டத்துக்குச் சட்டதிட்டம் எல்லாம் நான்தான் எழுதுனேன். எழுதறதுதான் நமக்குத் தொழில். ரெண்டு பாசையில படிச்சவன், ஒண்ணுல இருக்கறத இன்னொண்ணுல எழுதிக் குடுப்பேன். மருந்துப் பெட்டிக்குள்ள மடிச்சு வெச்சிருப்பானே காகிதம், மிக்ஸி கூட ஒரு புத்தகம் வருமே, அதெல்லாம். யாரும் படிக்க மாட்டாங்க, ஆனா யாராவது எழுதணும்ல. இருபது வருசத்துக்கு மேல வெளிநாட்டுல அதத்தான் செஞ்சேன். இப்பத் திரும்பி வந்து இங்கயும் அதத்தான் செய்யறேன். வீட்டுக்காரியும் பொண்ணும் அங்கயே இருக்காங்க. பொண்ணு படிப்பு முடியணும். முடிஞ்சா வருவாங்க. வரலன்னா… அது அப்புறம்.

அவகிட்ட ஃபோன்ல பேசுனா எப்படித் தெரியுமா? 'சாப்டியா?' 'ம்.' 'படிக்கறியா?' 'ம்.' 'அம்மாகிட்டக் குடுக்கவா?' இந்த மூணாவது கேள்வி அவ கேக்கறது. அவ்வளவுதான் எங்க பேச்சு. ஆனா சனிக்கெழமை இந்தக் குழிக்குள்ள எறங்கிட்டான்னு வெச்சுக்கங்க, வேற ஆளு. 'அப்பா இங்க தண்ணிச் சத்தம் கேக்குதுப்பா.' 'அப்பா, இன்னிக்கி பஸ்ல ஒரு கெழவரு என்ன பண்ணாரு தெரியுமா?' கெழவரு கதை எல்லாம் அப்புறம், மொதல்ல தூண் நிக்குதான்னு பாரு அப்படிம்பேன். ஒழுங்கு வேணும்ல. ஆரம்பத்துலயே கண்டிக்கலன்னா அப்புறம் திருந்த மாட்டாங்க.

ஆழமான குழிக்கு ரெண்டு பேரு வேணும் தம்பி. ஒருத்தர் எறங்கணும், ஒருத்தர் மேல நின்னு கயித்தப் புடிச்சிக்கணும். அவ எறங்குவா, நான் மேல. மேல நிக்கிறவன் கயித்த ஒரு தடவ இழுத்தா 'இருக்கேன்'னு அர்த்தம். ரெண்டு தடவ இழுத்தா 'ஏத்தப் போறேன்.' புதுசா வர்றவங்க அப்படித்தான் பழகணும், நீங்களும் பழகுங்க. எனக்கு அதெல்லாம் தேவையில்ல, கயித்தத் தொட்டதே கெடையாது. வாயிருக்கு, மைக் இருக்கு. விளக்க மாட்டு, இடது பக்கம் திரும்பு, அந்தத் தங்கத்தத் தொடாத, அது ஆசை காட்டி இழுக்கும்னு ரெண்டு மணி நேரமும் சொல்லிக்கிட்டே இருப்பேன். அவளும் பழைய மாதிரி இல்ல. கொஞ்ச நாளாத் தோண்டறதே இல்ல. கீழ போயி விளக்க ஏத்தி வெச்சிட்டு சும்மா நிக்கறா. ஏம்மா நிக்கற, நேரம் போவுதுல்லங்கறேன். 'இல்லப்பா, ஒண்ணு சொல்லணும்'ங்கறா. கல்ல எடுத்துட்டுச் சொல்லும்மா, கல்லு ஓடிப் போயிரும்ங்கறேன்.

இன்னிக்கி எறங்குன ஒடனே அதேதான். 'அப்பா, ஒண்ணு சொல்லணும். இன்னிக்கிச் சொல்லிடறேன்.' நானும் சொல்லும்மா, கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்னேன். 'அப்பா, நான் காலேஜுல…'ன்னா. அத்தோட போச்சு லைன். படம் நின்னுபோச்சு. காலேஜுல என்ன? முதல் மார்க்கா? ஃபெயிலா? விட்டுட்டாளா? எவனையாவது பாத்துட்டாளா? நான் என்னன்னு நெனைக்கறது? ஒரு மணி நேரமாச்சு. ஃபோன் போட்டா எடுக்க மாட்டேங்கறா. மெசேஜ் ஒண்ணு வந்துச்சு, இந்தா பாருங்க. 'பரவால்லப்பா.' அவ்வளவுதான். இந்தப் பரவால்லய எந்தப் பாசையில மொழிபெயர்க்கறது சொல்லுங்க. இதுக்கு உங்க கம்பெனி பதில் சொல்லுமா?

அவ நெனச்சா வெளிய வந்துரலாம். ஒரு பட்டன் இருக்கு, பைய அப்படியே போட்டுட்டு வந்துரலாம். வந்திருப்பா. யாரு நிப்பாங்க ஒரு மணி நேரமா இருட்டுக் குழியில. கைபேசியில போட்டு எட்டிப் பாக்கலாம்னா இந்த வீட்டுக்குள்ள சிக்னலு முக்குது, மொனகுது, படம் தெறக்க மாட்டேங்குது…

என்ன? ம். சரி. வாய மூடிக்கறேன்.

…

நின்னுருச்சே தம்பி. கீச்சுச் சத்தம் நின்னுருச்சு.

அட. 'உள்ள ஒருத்தன் இருக்கறப்போ மேல நிக்கிறவன் காதாலதான் வேலை பாக்கணும்.' அதுதான். காதாலதான். எப்படி மறந்தேன்.

எங்க நின்னுச்சு? இங்கயா? இது நம்ம வீட்டுச் சுவராச்சே. மேல் வீட்டுக்காரரு இங்க வரைக்குமா ஓட்ட போட்டிருப்பாரு? அந்தப் பலகையா? அதக் கழட்டணுமா? அது இன்னிக்கி மாட்டுன பலகைங்க. பசைகூடக் காயல. மைக் வெக்கறதுக்கு. புது மைக் வாங்குனேன். பழசுல என் கொரலு அவளுக்கு விட்டு விட்டுக் கேட்டுச்சாம். இனிமே நான் சொல்றது ஒரு எழுத்து விடாம கேக்கணும்னு நல்லதாப் பாத்து வாங்குனேன். மேசையில வெச்சா தட்டச்சுச் சத்தம் விழுது, அதான் சுவத்துல ஒரு பலகை.

எப்பன்னா… அப்பத்தான். அவ பேசிக்கிட்டு இருக்கறப்போதான். ரெண்டு வேலையும் சேந்தே ஆயிரும்னு பாத்தேன். காதுல அவ, கையில டிரில். நாலு ஓட்டையில மூணு போட்டாச்சு. 'அப்பா, அத ஒரு நிமிசம் நிறுத்தேன்'னா. ஒரு ஓட்டைதாம்மா பாக்கி, நீ சொல்லும்மான்னேன்.

அந்த நாலாவது ஓட்டையா?

காட்டுங்க. வயரு ரெண்டாப் பொளந்திருக்கு. நல்லா நடுவுல.

தட்டிப் பாத்தேனாங்கறீங்களா? இல்ல தம்பி, தட்டிப் பாக்கல. அப்படிப் பாக்காதீங்க. இன்னொண்ணு சொன்னா சிரிப்பீங்க. இந்த டிரில்லோட புத்தகம் இருக்குல்ல, நம்ம பாசையில அத எழுதுனது நான்தான். 'துளையிடும் முன் சுவருக்குப் பின்னால் கம்பிகள் உள்ளனவா எனச் சரிபார்க்கவும்.' என் வரிதான். தடிச்ச எழுத்துல போடச் சொன்னதும் நான்தான். யாரும் படிக்க மாட்டாங்கன்னு சொன்னேன்ல.

சேத்துட்டீங்களா, அதுக்குள்ளயா? இருங்க, பச்சை விளக்கு வருது. வந்துருச்சு. மேல் வீட்டுக்காரருகிட்ட ஒண்ணும் சொல்லிக்க வேண்டாம், என்ன? நல்ல மனுசன் அவரு. படிக்கட்டுல பாத்தா தலையாட்டுவாரு.

தெறக்குது பாருங்க. இதுதான் எங்க குழி. நான் நிக்கிற எடம் இது, இந்த வளையத்துலதான் கயிறு கட்டியிருக்கு. கீழ… கொஞ்சம் தள்ளுங்க, குனிஞ்சு பாக்கறேன். கீழ விளக்கு எரியுது தம்பி. அவதான். வெளிய போகல. பையப் பாருங்க, ஒரு கல்லு இல்ல. ஒரு மணி நேரமா எதையும் தோண்டல, நின்னுக்கிட்டே இருந்திருக்கா.

கேட்டுச்சா உங்களுக்கு? 'அப்பா?'ங்கறா. 'அப்பா, வந்துட்டியா?'

நீங்க கெளம்புங்க தம்பி, டாக்டரு காத்துட்டு இருப்பாரு. கதவச் சத்தம் இல்லாமச் சாத்திட்டுப் போங்க.

மைக்க அணைச்சிட்டேன். கயித்த ஒரு தடவ இழுத்திருக்கேன்.