நான்கு துண்டு ராடு

செப்டம்பர் பதினான்காம் தேதி, பேருந்து நிலையத்துக்கு எதிரே உள்ள மீன்பிடிக் கருவிகள் கடையில், நான்கு துண்டுகளாகக் கழற்றி மாட்டும் தூண்டில் ராடு ஒன்றும் அதற்கேற்ற, நூல் சுற்றும் சிறிய ரீல் ஒன்றும் வாங்கினேன்.

மணல் ஒப்பந்தக்காரரை நீங்கள் கைது செய்ததாக நேற்று செய்தியில் சொன்னார்கள். ஆற்றில் அந்தக் குழியைத் தோண்டியது அவர்தான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் என் மனைவியின் தம்பி இறந்ததற்கு அவர் காரணமில்லை. அதைச் சொல்லிவிட்டுப் போகத்தான் வந்தேன், ஐயா. ராடிலிருந்து ஆரம்பித்தால் உங்களுக்கு எளிதாகப் புரியும்.

பயணத்துக்கு ராடு தேர்ந்தெடுப்பதில் எல்லோரும் ஒரே தவறைச் செய்கிறார்கள். வானொலிப் பெட்டியின் ஏரியல் மாதிரி ஒன்றுக்குள் ஒன்று நுழையும் ராடைப் பார்த்ததும் மயங்கிவிடுகிறார்கள். கைப்பைக்குள் அடங்கும், உண்மைதான். ஆனால் மணல் புகுந்தால் சிக்கிக்கொள்ளும். அதைவிட முக்கியமாக, அது கைக்கு எதையும் சொல்லாது. நானும் அவனும் புழு மாட்டிவிட்டு உட்கார்ந்திருக்கிற ஆட்கள் அல்ல. லூர் போடுகிறவர்கள். லூர் என்றால் மரத்திலோ பிளாஸ்டிக்கிலோ மீன் மாதிரியே செய்த பொய் இரை. அதை வீசி, சுற்றி இழுத்து, உயிருள்ளது போல நீந்த வைக்க வேண்டும். அது கல்லில் உரசுகிறதா, பாசியில் மாட்டியதா, மீன் முகர்ந்து பார்க்கிறதா என்பதெல்லாம் ராடு வழியாகத்தான் கைக்கு வரும்.

கடைக்காரர் விஷயம் தெரிந்தவர். "பெட்டிக்குள்ள அடங்கணும், ஆனா கையில எடுத்தா பெட்டிக்குள்ள இருந்து வந்ததுன்னு தெரியக்கூடாது. அதானே சார் வேணும்?" என்றார். கார்பன் ராடு ஒன்றை மாட்டிக் கையில் கொடுத்தார். நுனியை அவர் விரலால் லேசாகத் தொட்டது என் உள்ளங்கையில் தெரிந்தது.

"யாருக்கு சார், உங்களுக்கா?"

"மச்சானுக்கு. வெளிநாடு போறான்."

"குடுத்து வச்சவர். இப்படி ஒரு மாமா எனக்கு வாய்க்கலையே. என் மாமன் எனக்குக் குடுத்ததெல்லாம் புத்திமதிதான்."

மச்சான் எனக்குப் பழக்கமானது என் கல்யாணத்தின்போது. அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தான். பெண் வீட்டில் என்னோடு பேச யாருக்கும் ஒன்றும் இருக்கவில்லை. நான் நீர்வளத் துறையில் ஆற்றின் ஆழத்தையும் நீர்மட்டத்தையும் அளக்கிற ஊழியன். அவன் மட்டும்தான் "ஆத்துல என்ன மீன் மாமா இருக்கு?" என்று கேட்டான். அடுத்த சனிக்கிழமை அழைத்துப் போனேன். அதற்குப் பிறகு எங்களுக்கு எல்லாச் சனிக்கிழமையும் ஆறுதான். எனக்கும் மனைவிக்கும் குழந்தை இல்லை. அலுவலகத்தில் எனக்கு வணக்கம் சொல்கிறவர்கள் உண்டு, நண்பர்கள் கிடையாது. இதை ஒரு குறையாகச் சொல்லவில்லை. சனிக்கிழமை இருந்ததால் மற்ற நாட்கள் போதுமானவையாக இருந்தன.

வெளிநாட்டில் வேலை கிடைத்ததை அவன் முதலில் அக்காவிடம் சொன்னான், பிறகு அம்மாவிடம், பிறகு தெருவில் இஸ்திரி போடுகிறவரிடம். என்னிடம் சொன்னது எங்கள் வீட்டுச் சமையலறை வாசலில் நின்றுகொண்டு, கடைக்குப் போகிறவரிடம் ஒரு பொருள் சேர்த்துச் சொல்வது போல.

"மாமா, பெட்டியில அடங்குற மாதிரி ஒரு ராடு பாத்துக் குடுங்க. போற ஊர்ல வீட்டுக்குப் பக்கத்துலயே ஏரி இருக்காம்."

"எந்த ஊர்ல?"

"அக்கா சொல்லலையா உங்ககிட்ட?"

என் மனைவி அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "நீயே சொல்லிக்கோன்னு விட்டுட்டேன். உங்க மாமா மூஞ்சியைப் பாத்துச் சொல்ற தைரியம் எனக்கில்லப்பா."

"ஏன், அழுதுடுவாரா?" என்று அவன் சிரித்தான். நானும் சிரித்தேன். பக்கத்திலேயே ஏரி என்றால் நல்லதுதான் என்று சொன்னேன்.

கடையில் நான் இரண்டு விஷயங்களில் கடைக்காரரின் பேச்சைக் கேட்கவில்லை. பின்னிய நூலின் முனையில், லூருக்கு முன்னால், கொஞ்ச தூரத்துக்கு நைலான் கட்டுவோம். லீடர் என்போம். அது நூலைவிடப் பலவீனமாக இருக்க வேண்டும். அடியில் எங்காவது மாட்டினால் இழுத்து அறுத்துவிடலாம், லூர் மட்டும் போகும். நான் இருந்ததிலேயே தடிமனானதைக் கேட்டேன். "இது அறுக்காது சார், மாட்டினா மாட்டினதுதான்" என்றார். பரவாயில்லை என்றேன். இரண்டாவது, மர லூர். பிளாஸ்டிக்கே போதும் என்றார். நான் மரத்தில் ஒன்று வாங்கினேன். வீட்டுக்கு வந்து உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, தேயிலைத் தண்ணீரில் ஊறவைத்து, கொக்கிகளை மட்டும் புதிதாக மாட்டினேன். காய்ந்த பிறகு நாற்பது வருடத்துப் பொருள் போல இருந்தது.

அவன் கிளம்புவதற்கு முந்திய சனிக்கிழமை, புது ராடைப் பழகிப் பார்க்கப் போனோம். தடுப்பணைக்குக் கீழே, இடது கரையில், விழுந்த மரம் ஒன்று தண்ணீருக்குள் கிடக்கும் இடம். போன வருடம் வரைக்கும் அந்த மரம் வரை முழங்கால் தண்ணீரில் நடந்து போய் வருவோம். கோடையில் மணல் லாரிகள் வந்து போன பிறகு அங்கே மூன்று ஆள் ஆழம். அதை அளந்தவன் நான். சிவப்புக் கொடி நட வேண்டியவனும் நான். கொடி என் அலுவலக அலமாரியில் இருந்தது. வேலைப்பளு என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

துண்டுகளை அவனே மாட்டினான். வளையங்கள் நேர்கோட்டில் வருகிறதா என்று ஒரு கண்ணை மூடிப் பார்த்தான். அது நான் கற்றுக்கொடுத்தது.

"மாமா, சும்மா சொல்லக்கூடாது, பொண்ணு பாத்த மாதிரி பாத்திருக்கீங்க."

"உங்க அக்காவைப் பாத்ததைவிடக் கவனமாத்தான் பாத்தேன்."

"இருங்க, வீட்டுக்குப் போய் போட்டுக் குடுக்கறேன்."

மர லூரை அவன் கையில் வைத்தேன். எங்கப்பா செதுக்கியது, யாருக்கும் கொடுத்ததில்லை, இன்றைக்கு மட்டும் போட்டுப் பார் என்றேன். என் அப்பாவுக்கு மரத்தில் ஆணி அடிக்கவே வராது. அவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "வேணாம் மாமா, எங்கயாவது மாட்டிக்கிட்டா நான் தொலைஞ்சேன்" என்றான். மாட்டாது, போடு என்றேன். மரத்துக்கு அந்தப் பக்கம் வீசச் சொன்னேன்.

மூன்றாவது வீச்சில் மாட்டியது.

சுண்டிப் பார்த்தான். கரையோரம் இரண்டு பக்கமும் நடந்து இழுத்துப் பார்த்தான். அவன் சட்டைப் பையில் நூல் வெட்டும் சின்னக் கத்தரி இருந்தது, பாதி வெளியே தெரிந்தது.  அறுத்துவிடு என்று நான் சொல்லியிருந்தால் அறுத்திருப்பான். சொல்லாவிட்டால் அறுக்க மாட்டான் என்று எனக்குத் தெரியும். நல்ல பையன்.

"மாமா, இதைப் புடிங்க. நூலை இறுக்கமா வச்சுக்குங்க, நான் புடிச்சுக்கிட்டே போய் எடுத்துடறேன்."

ரப்பர் பூட்ஸோடு இறங்கினான். நூலின் மேல் உள்ளங்கையை வைத்து நடந்தான், மாடிப்படியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்குகிறவனைப் போல. பாதி தூரத்தில் திரும்பி, "தண்ணி சில்லுனு இருக்கு மாமா. எனக்கு ஜுரம் வந்தா அக்கா உங்களைத்தான் திட்டும்" என்றான். பிறகு மணல் அவன் காலடியில் சரிந்தது.

நான் விரும்பியது அந்த ஜுரம்தான். கணுக்கால் பிசகினாலும் போதும். விமானம் போய்விடும், வேலையை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள், அவ்வளவுதான் என் கணக்கு. நீங்கள் நம்ப வேண்டும்.

அவன் கத்தவில்லை. பூட்ஸ் நிறையத் தண்ணீர் ஏறினால் கத்துவதற்கு நேரம் இருக்காது. ஆனால் நூலை விடவில்லை. மருத்துவர் அறிக்கையில் வலது உள்ளங்கையில் ஒரு வெட்டு குறிக்கப்பட்டிருக்கிறது. பாறை கிழித்தது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த இடத்தில் பாறை கிடையாது ஐயா. பின்னிய நூல் மெல்லியது, எடை தாங்கும்போது கத்தி மாதிரி இறங்கும். நாற்பது பவுண்டு இழுவை தாங்கும் நூல் அது. தண்ணீரில் இருக்கும் மனிதன் அவ்வளவு கனமில்லை. ஒரு முனை மரத்தில், ஒரு முனை என்னிடம். நான் அசையாமல் நின்றிருந்தால் அதைப் பற்றிக்கொண்டே குழியோரத்து மணல் திட்டுக்கு ஏறியிருப்பான். ஏறிக்கொண்டுதான் இருந்தான். ஒவ்வொரு பிடியும் எனக்குத் தெரிந்தது. நல்ல ராடு, எதையும் மறைக்கவில்லை. அவன் கை மாற்றியது, நழுவியது, மறுபடி பிடித்தது எல்லாம் என் கைக்கு வந்தது.

ரீலின் தலையில் ஒரு திருகு இருக்கும். பெரிய மீன் இழுக்கும்போது நூல் எவ்வளவு எளிதாக வெளியே ஓட வேண்டும் என்பதை அதில்தான் வைப்போம். நுனித்துண்டு மிகவும் வளைந்திருந்தது. நான்கு துண்டு ராடில் முதலில் உடைவது நுனிதான், அது மட்டும் தனியாகக் கிடைக்காது. அவனுக்காகப் பார்த்துப் பார்த்து வாங்கியது. உடைந்துவிடக்கூடாதே என்றுதான் திருகைத் தளர்த்தினேன். முழுவதுமாகத் தளர்த்தினேன். ரீல் கொஞ்ச நேரம் ஓடியது, பிறகு நின்றது. ராடு நிமிர்ந்துகொண்டது.

கால் வழுக்கி விழுந்தான் என்று உங்களிடம் சொன்னேன். மணல் சரிந்தது என்பதால் அது முழுப்பொய் இல்லை.

அன்றிலிருந்து அந்த இழுப்பு என் வலது கையில் இருக்கிறது. பேருந்தில் கம்பியைப் பிடித்தால் வருகிறது, தேநீர்க் கோப்பையை எடுத்தால் வருகிறது. காரியத்தன்று என் மனைவி அழுதுகொண்டே என் கையைப் பிடித்தாள். அவள் விரல்கள் கை மாற்றிப் பிடித்தபோது நான் கையை உதறிவிட்டேன்.  இப்போது அவள் தன் அம்மா வீட்டில் இருக்கிறாள். போகும்போது ராடை எடுத்துக் கொடுத்தாள். "உங்ககிட்டயே இருக்கட்டும். நீங்க ரெண்டு பேரும் ஆசையா வாங்கினது" என்றாள்.

ஒப்பந்தக்காரரிடம் குழிக்கான அபராதத்தை மட்டும் வாங்கிக்கொண்டு விட்டுவிடுங்கள்.

சனிக்கிழமைகளில் நாங்கள் இப்போதும் அதே இடத்துக்குத்தான் போகிறோம். போன வாரம் அந்த ராடில் முதல் மீன் விழுந்தது, முழங்கை நீளம் இருக்கும். கொக்கியைக் கழற்றி, தண்ணீரில் பிடித்து மூச்சு வாங்க வைத்து, போக விட்டுவிட்டேன். எதையும் பிடித்து வைத்துக்கொள்ளும் பழக்கம் எங்களுக்கு இல்லை.