தொட்டியை மூடிய கக்கூஸ் பீங்கான்கள்

விருத்தாசலம் ஜங்ஷன் ரோட்டில் குடியிருக்கும் மாணிக்கம் மகன் சாமிதுரை, வயது 48, தொழில் பீங்கான் வியாபாரம், போலீஸ் நிலையத்தில் ஆஜராகிக் கொடுக்கும் வாக்குமூலம். நாள் 14-6-1973.

என் கட்டடத்தின் மொட்டைமாடியிலுள்ள தண்ணீர்த் தொட்டியைக் கக்கூஸ் பீங்கான்களால் மூடியது நான்தான். தண்ணீரில் அசுத்தம் எதையும் கலக்கவில்லை.

நான் விளிம்பு உடைந்த கப்பு சாசர்களைச் சைக்கிளில் கட்டிப்போய் சேத்தியாத்தோப்பு சந்தையில் விற்று முன்னுக்கு வந்தவன். இப்போது சூளைகளில் கீறல் விழுந்து கழித்த சரக்கை மொத்தமாக எடுத்து விற்கிறேன். மேற்படி கட்டடத்தில் ஒரு பாதி என் கிடங்கு. மறு பாதியில் அம்சவல்லி என்பவர் வாடகைக்குச் சாப்பாட்டுக்கடை நடத்துகிறார். கணவர் இல்லை, கடைதான் பிழைப்பு. ரயில்வே ஆட்களும் சூளை ஆட்களும் அங்கேதான் சாப்பிடுவார்கள். இரு பாதிக்கும் அந்த ஒரே தொட்டித் தண்ணீர்தான்.

மேற்படி தொட்டிக்கு மூடி இல்லாததால் வெயில் நேராக விழுந்து பாசி பிடித்தது. தேங்காய் நாரும் சுண்ணாம்பும் போட்டுத் தேய்த்துக் கழுவினேன், மறுபடி பிடித்தது. அதன் பிறகு பிளீச்சிங் பவுடர் போட்டேன், ரசம் ஆஸ்பத்திரி வாடை அடித்தது. அதன் பிறகு அம்சவல்லி வந்து, "அண்ணே, நான் கீரையே வாங்கல. இன்னிக்கு கீரை சாம்பாரான்னு கேக்கறாங்க. இப்படியே போனா கடைய மூட வேண்டியதுதான்" என்றார்.

அதன் பிறகு கிடங்கில் ஒன்று கவனித்தேன். பீங்கான் கவிழ்த்திருந்த ஒரு டிரம்மில் மட்டும் பழைய தண்ணீர் பாசியில்லாமல் இருந்தது. வெளிச்சம் போகாத இடத்தில் பாசி வளராது என்று புரிந்துகொண்டேன். தகரம் வாங்கினால் செலவு. கீறல் விழுந்த கக்கூஸ் பீங்கான் கிடங்கில் சும்மா கிடந்தது. ஆகவே தொட்டியின் மேல் பழைய கட்டில் கம்பிகளைக் குறுக்கே போட்டு, பீங்கான்களை வரிசையாகக் கவிழ்த்து, இடுக்குகளைக் களிமண்ணால் அடைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். எனக்கு அது கப்பு சாசரைப் போல ஒரு பீங்கான், அவ்வளவுதான்.

அதன் பிறகு பாசி வரவில்லை. "தண்ணி கண்ணாடியாட்டம் இருக்குதுண்ணே" என்று அம்சவல்லியே சொன்னார். வெயில் காலம் முழுவதும் கடையில் நல்ல கூட்டம்.

சென்ற திங்கட்கிழமை மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், பக்கத்துத் தோட்டத்தில் தேங்காய் பறிக்க ஏறிய மாயவன் என்பவர் மரத்து உச்சியிலிருந்து, "ஏ அம்சவல்லியக்கா, ஒன் தண்ணித்தொட்டி மேல வரிசையா கக்கூசு வெச்சிருக்காங்க!" என்று தெருவுக்கே கேட்கும்படி கூவினார். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் எழுந்துவிட்டார்கள். வாய் கொப்பளிக்கப் போன ஒருவர் பாதியில் அப்படியே நின்றார், துப்பவும் இல்லை, விழுங்கவும் இல்லை. இதை எழுதும் ஏட்டு ஐயாவும் அன்று அங்கே இரண்டாம் சோறு வாங்கியிருந்தார். அது வழக்குக்குச் சம்பந்தமில்லை என்கிறார். நான் எழுதச் சொன்னேன்.

அன்று முதல் கடைக்கு ஒருவரும் வரவில்லை. அடுப்பு பற்ற வைக்கவில்லை. தன்னைக் காலி செய்ய வைக்கவே தண்ணீரை அசுத்தம் செய்ததாக அம்சவல்லி என்மேல் புகார் கொடுத்தார்.

இன்று நிலையத்தில் நான், "புதுச் சரக்கும்மா. சூளையிலேர்ந்து நேரா வந்தது. ஒருத்தர்கூட குந்தினதில்ல" என்று சொன்னேன். அதற்கு அவர், "குந்தினா என்ன, குந்தாட்டி என்ன? பாத்தவனுக்கு என்ன நெனப்பு வருது? உன் வூட்டுச் சோத்துப்பானைய அதால மூடுவியாய்யா?" என்று கேட்டார். முப்பது வருட வியாபாரத்தில் கீறலைத்தான் பார்த்திருக்கிறேன், வாங்குகிறவன் நினைப்பைப் பார்த்ததில்லை.

அதன் பிறகு தொட்டித் தண்ணீரைக் கண்ணாடி டம்ளரில் பிடித்துவரச் செய்து மேசைமேல் வைத்தார்கள். தெளிவாக இருந்தது. யாரும் தொடவில்லை. நான் எடுத்து முழுவதும் குடித்தேன். அம்சவல்லி பார்த்துவிட்டு, "இங்க குடிச்சா யாருக்குத் தெரியும்? என் கடை வாசல்ல நின்னு குடிங்கண்ணே" என்றார். மறுபடி அண்ணே என்றதைக் கேட்டதும் சமாதானத்துக்குச் சம்மதித்தேன். அவரும் புகாரை வாபஸ் வாங்கச் சம்மதித்தார்.

ஒப்புக்கொண்டபடி, பீங்கான்களை இன்றே இறக்கிவிட்டு, தொட்டிக்குத் தார் பூசிய தகர மூடி என் செலவில் போடுவேன். பழையபடி கடை நிறையும்வரை தினமும் கடை திறக்கும்போது தெருப்பக்கம் பார்த்து நின்று அந்தத் தண்ணீரில் ஒரு சொம்பு குடிப்பேன். இரண்டு வேளையும் முதல் வரிசையில் உட்கார்ந்து காசு கொடுத்துச் சாப்பிடுவேன். இதில் உடன் வந்திருக்கும் என் மனைவி ஆதிலட்சுமிக்கு ஆட்சேபணை இல்லை, ரொம்ப சந்தோஷம் என்றாள். மேலும், கடைக்குப் பின்னால் ஒரு கக்கூஸ் வேண்டும் என்று அம்சவல்லி வந்த நாளிலிருந்து கேட்பதால், மேற்படி பீங்கான்களில் கீறல் குறைவான ஒன்றை அதற்குரிய இடத்தில் பதித்துக் கட்டிக்கொடுப்பேன். அதற்காக வாடகையை உயர்த்த மாட்டேன்.

படித்துக்காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது, எல்லாம் உண்மை.

(ஒப்பம்) மா. சாமிதுரை