மெஷின் சாவி

காஞ்சிபுரத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூர் போகும் காலை பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் கம்பெனிச் சட்டை போட்ட இருவர் பேசிக்கொண்டு வந்தார்கள். இளையவர்தான் ஆரம்பித்தார்.

“ரிப்பேருக்குன்னு மெஷின் ஸ்விட்ச்ச பூட்டி, சாவிய வீட்டுக்கு எடுத்துக்கினு போயிட்டியாமே? அது என்ன உன் வீட்டு பீரோவாண்ணா?”

“போன வருஷம் என் தம்பி இதே மாதிரி மெஷினுக்குள்ள பூந்து ரிப்பேர் பாத்துக்கினு இருந்தான். ஒரு நிமிஷ வேலதானேன்னு நான் பூட்டு போடல. எவனோ ஸ்விட்ச்ச போட்டான். தம்பி போயிட்டான்.”

“இந்த ரிப்பேர் முடிஞ்சுதான் மூணு நாளாவுதேண்ணா.”

“எனக்கு இன்னும் முடியலப்பா. தினம் மெஷின கழட்டிப் பாக்கறேன்.”

“உன்ன வேலைய விட்டே தூக்கிடுவாங்க. குடுத்துடுண்ணா.”

பெரியவர் சட்டைப்பையை அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

“அந்த மெஷின்ல யார நிக்க வெக்கிறாங்களாம்?”

“என்னைத்தான்.”

“அப்போ தரவே மாட்டேன், போ.”