பாக்காவ் கரையில் பெயர் வாசித்தவருக்கு

போர்ட்டிக்சன் கடலோரத்துச் சுங்கை மெராந்தித் தோட்டத்தில் பெரிய கிராணி என்னும் தலைமை எழுத்தராய்ப் பொறுப்பேற்று, இன்று பணிநிறைவு பெறும் பெருந்தகையே! கடலுக்கும் எண்ணெய் தரும் செம்பனைக்கும் நடுவே கரையெனக் காத்து நின்ற கண்ணியமிக்கவரே! விடியலில் ஆளெடுக்கும் பெரட்டில் எங்கள் பெயர்களைக் கணீரென வாசித்து, எங்கள் வயிற்றுக்கும் வாழ்வுக்கும் வழி செய்த வாய்மையாளரே! வணக்கம்.

சாந்தமே உருவானவர் என்று எழுதப் போனோம். "பொய் எழுதாதீங்க லா, ஐயா ஏசாத நாளு உண்டா?" என்றார் எங்களை வேலை ஏவும் ரதி மண்டோர். உண்மைதான். பிந்தி வந்தவரையும் போதையில் வந்தவரையும் தாங்கள் ஏசிய ஏச்சு எங்கள் பிள்ளைகளுக்கும் மனப்பாடம். ஆனால் எவருக்கேனும் காய்ச்சல் கண்டால், முதலில் வேன் பிடித்து வந்தவரும் தாங்களே.

பாக்காவ் என்று நாம் சொல்லும் அலையாத்திக் காட்டின் ஒரு பகுதியை, படகுத்துறை கட்டுவதற்காக வெட்டச் சொன்னார் முன்னிருந்த துரை. "வெட்டாதீங்க தொரை, கடலுக்கு நமக்கு இருக்கிற வேலி அது ஒண்ணுதான்" என்று தாங்கள் மன்றாடினீர்கள். அவர் சிரித்தார்; மரங்கள் சாய்ந்தன. அவ்வாண்டு கடல் பொங்கிய பெருநீரில் மண்கரை உடைந்தது. கடல்நீரைத் தடுக்கும் தண்ணிக்கதவை மூட இறங்கிய காவலர் அர்ச்சுனனைக் கடல் கொண்டுபோனது. உடல் கிடைக்கவில்லை. உப்பேறிய செம்பனை மட்டைகள் கருகின, ஆற்றில் இறால் அற்றது.

துரை மாறியதும், மீண்டும் நடுவதற்கு எங்களை அழைத்துச் சென்றவர் தாங்கள். சேற்றுக்கு மேல் விரல்விரலாய் நீட்டி நிற்கும் வேர்கள் மூச்சு விடுகின்றன என்றீர்கள். அவையே அலையின் வேகத்தை அடக்கும், அவற்றின் இடுக்கிலேதான் இறால் குஞ்சும் நண்டுக் குஞ்சும் வளரும் என்றீர்கள். காற்றுப் புகாத அந்தச் சேற்றில் விழுந்த இலைகூட எளிதில் மட்காது, காற்றிலுள்ள கரியை மரம் இழுத்துக் கொடுக்க, சேறு அதைப் பல தலைமுறைக்கும் பூட்டி வைக்கும் என்றும் விளக்கினீர்கள். சேறு வேறு எதையெல்லாம் வைத்துக்கொள்ளும் என்று அன்று நாங்கள் கேட்கவில்லை.

முதல் நடவு நாளன்று மண்கரையிலேயே பெரட்டு நடந்தது. ரதியின் பெயருக்குப் பின் அர்ச்சுனன் பெயர் வருவது வழக்கம். பழகிய நாக்கு முந்திக்கொள்ள, "அர்ச்சுனன்" என்று வாசித்துவிட்டீர்கள். வெட்டுண்ட அடிமரங்கள் மட்டுமே கிடந்த சேற்றிலிருந்து, "வந்துட்டேன் ஐயா" என்று பதில் வந்தது. தாங்கள் அடுத்த பெயருக்குப் போனீர்கள்.

அதன்பின் எந்த நடவு நாளிலும் அப்பெயரைத் தாங்கள் விட்டதில்லை. அவரும் பதில் சொல்லாமல் இருந்ததில்லை. நட்ட கன்றுகள் தலைக்கு மேல் வளர்ந்துவிட்டன. இறால் திரும்பியது, கொக்கு திரும்பியது, கரையில் ஒரு விரிசலும் விழவில்லை. இதில் மரத்தின் உழைப்பு எவ்வளவு, அர்ச்சுனனின் உழைப்பு எவ்வளவு என்று எங்களில் யாரும் பேசுவதில்லை.

சென்ற வார நடவு நாளில், தங்கள் இடத்துக்கு வரும் தங்கராஜு பழகிக்கொள்வதற்காகக் கரையில் பெயர் வாசித்தார். செத்தவர் பெயரை எதற்கு என்று விட்டுவிட்டார். வாசித்து முடித்ததும் காட்டுக்குள் நண்டுகளின் சொடுக்குச் சத்தம்கூட நின்றுபோனது. பிறகு உள்ளிருந்து அர்ச்சுனனின் குரல், தங்களைப் போலவே நிறுத்தி நிதானமாய், பெரட்டு வாசிக்கத் தொடங்கியது. முதற்பெயர் தங்களுடையது.

பெயர் கேட்டால் பதில் சொல்லும் தோட்டத்துப் பழக்கத்தால் தாங்கள் ஓரடி முன்னே வைத்து வாயைத் திறந்தீர்கள். ரதி மண்டோர் பாய்ந்து, சேற்றுக் கையாலேயே தங்கள் வாயைப் பொத்தினார். "வேணாங்கையா, பேசாதீங்க, ஐயா" என்று அவர் அழுததை நாங்கள் அனைவரும் பார்த்தோம். அடுத்த பெயர் வரவே இல்லை. அந்தக் குரல் இன்னமும் தங்கள் பதிலுக்குக் காத்திருக்கிறது என்றே அஞ்சுகிறோம்.

ஆகவே, கரையோரத்துப் பழைய வீட்டிலேயே தங்கிவிடும் எண்ணத்தைக் கைவிட்டு, கடல் எட்டாத நீலாய் நகரில் தங்கள் மகள் நிரஞ்சனாவின் இல்லத்துக்கு இன்றே புறப்படுமாறு கெஞ்சிக் கேட்கிறோம். காடு என்னாகும் என்ற கவலை வேண்டாம். இனி ஒரு கோடரியும் அதற்குள் போகாது. அர்ச்சுனன் பெயரை விடாமல் வாசிப்பதாகத் தங்கராஜு சத்தியம் செய்திருக்கிறார்.

நோயற்ற உடலும் குறையாத குரலும் பெற்று, பேரப்பிள்ளைகளை ஆசைதீர ஏசிக்கொண்டு, தாங்கள் நெடுங்காலம் நலமே வாழ்க!

இம்மடலில் தங்கள் பெயரை நாங்கள் எங்கும் எழுதவில்லை. வாசிக்கும் விமலாவும் அதைச் சொல்லமாட்டார், சபையில் வேறெவரும் சொல்லமாட்டார்கள். ஆதலால் இம்மண்டபத்தில் இன்று தங்கள் பெயர் காதில் விழுந்தால், அருள்கூர்ந்து எழுந்திருக்காதீர்கள்.

இங்ஙனம்,
தங்களை எவருக்கும் விட்டுக்கொடுக்காத
சுங்கை மெராந்தித் தோட்டத்துப் பணியாளர்கள்